பாஸ்டன்: கட்டடங்கள் நிற்க, நிலம் மாறிய நகரம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முந்நூறு ஆண்டுகளைக் கடந்த கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன என்கிறார்கள். அதே நகரின் பெரும்பகுதி கடலையும் சதுப்பையும் தூர்த்து உண்டாக்கப்பட்டது என்றும் சொல்கிறார்கள். இவை ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா, பழைய நகரத்தில் இன்று எஞ்சியிருப்பது எது என்பது கேள்வி. இரண்டும் உண்மைதான். ஆனால் கட்டடத்தைத் தனியாகவும் நிலத்தைத் தனியாகவும் வைத்துப் பார்த்தால் பாஸ்டன் பிடிபடாது. அங்கே ஒரு பழைய கட்டடத்தின் வரலாற்றை விசாரிக்கப் புகுந்தால், அதன் வாசலில் ஒரு காலத்தில் கப்பல் நின்றதா, அதன் பின்னால் இருந்த குன்று எங்கே போயிற்று, அதன் அடியில் இப்போது நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மண்ணைப் பற்றிய கேள்விகளிலேயே போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

1630-இல் பியூரிட்டன் குடியேறிகள் வந்து சேர்ந்த ஷாமட் தீபகற்பம் சில நூறு ஏக்கர் பரப்பே கொண்டது. ஏறத்தாழ நாற்புறமும் நீர். தெற்கே மட்டும் ஒரு குறுகிய மண்திட்டு அதை நிலப்பகுதியோடு இணைத்தது. புயலும் கடலேற்றமும் சேர்ந்து வந்தால் அந்தத் திட்டும் நனையும். இன்றைய வாஷிங்டன் தெருவின் ஒரு பகுதி அந்தத் திட்டின் மேல்தான் செல்கிறது. தீபகற்பத்தின் நடுவே பெம்பர்டன், பீக்கன், மவுண்ட் வெர்னன் என்று மூன்று முகடுகள் இருந்தன. டிரிமவுண்டன் என்ற பழைய பெயரின் தேய்ந்த வடிவம் டிரிமாண்ட் தெருவின் பெயரில் நிலைத்திருக்கிறது, முகடுகள் நிலைக்கவில்லை. மவுண்ட் வெர்னனை 1799 முதல் வெட்டத் தொடங்கினார்கள். பீக்கன் குன்றின் உச்சி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 60 அடி குறைக்கப்பட்டது. அந்த மண் வடக்கே இருந்த மில் பாண்டு என்னும் நீர்நிலையில் கொட்டப்பட்டது. 1807-இல் தொடங்கிய அந்த வேலை 1828 வரை நடந்தது. கட்டடக்கலைஞர் சார்லஸ் புல்ஃபிஞ்ச் அங்கே வகுத்த முக்கோண வடிவத் தெருவமைப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மூன்றாவது முகடான பெம்பர்டன் குன்று 1835-இல் வெட்டித் தரைமட்டமாக்கப்பட்டது. அதன் மண் காஸ்வே தெருவுக்கு வடக்கே கொட்டப்பட்டு, பின்னாளில் ரயில் நிலையம் எழுந்த பகுதிக்கு அடிமண்ணாயிற்று. சென்னையின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்தக் குன்றோடு ஒரு தொடர்பு உண்டு. 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்த எலிஹு யேல் 1649-இல் இந்தக் குன்றின் மேல்தான் பிறந்தார். பெம்பர்டன் சதுக்கத்தில் பதித்திருக்கும் பலகை அவர் பிறந்த இடம் அங்கிருந்து 255 அடி வடக்கே என்று கூறுகிறது. அந்த அளவு சரியாகவே இருந்தாலும், அவர் பிறந்த தரை இன்று அங்கே இல்லை; அது பெயர்த்து எடுக்கப்பட்டு வேறோர் இடத்தில் நீருக்குள் நிரவப்பட்டுவிட்டது. பாஸ்டனில் ஓர் இடத்தைச் சுட்டும்போது எந்த அளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

குன்றுகளால் நிரப்பி முடியாத அளவுக்குப் பெரியது நகரின் மேற்கே இருந்த பேக் பே என்னும் விரிகுடா. சார்லஸ் ஆற்றின் முகத்துவாரத்தில், கடலேற்றத்தின்போது நீர் நிறைந்தும் வற்றத்தின்போது சேறாகவும் கிடந்த பகுதி அது. ஏற்ற வற்றத்தின் விசையால் ஆலைகளை இயக்கும் நோக்கத்தோடு 1821-இல் அதன் குறுக்கே அணை கட்டி முடித்தார்கள். ஆலைகள் எதிர்பார்த்தபடி பெருகவில்லை; நீரோட்டம் மட்டும் தடைபட்டது. நகரின் கழிவுநீர் அங்கே தேங்கி நாற்றமெடுத்தபோது, நிலமும் போதவில்லை, துர்நாற்றமும் தாங்கவில்லை என்ற இரண்டு நெருக்கடிகளுக்கும் ஒரே தீர்வாகத் தூர்ப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1850-களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. ஒன்பது மைல் தொலைவிலிருந்த நீடம் என்ற ஊரின் சரளைக் குன்றுகளை நீராவி மண்வாரிகள் வெட்டின. அந்தச் சரளையை ஏற்றிக்கொண்டு ரயில்கள் இரவும் பகலுமாக ஓடின. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் அங்கே ஒரு புதிய நகர்ப்பகுதி எழுந்தது. நடுவே 200 அடி அகலத்தில் காமன்வெல்த் அவென்யூ. குறுக்கே ஆர்லிங்டன், பெர்க்லி, கிளாரண்டன், டார்ட்மத் என்று ஆங்கில அகரவரிசைப்படி பெயரிட்ட தெருக்கள். பழைய பாஸ்டனின் வளைந்து நெளியும் சந்துகளிலிருந்து வருபவருக்கு, எந்த இடத்தில் பழைய கரை முடிந்து தூர்த்த நிலம் தொடங்குகிறது என்பதைத் தெருக்கள் நேர்கோடாக ஓடுவதே காட்டிவிடும்.

இந்த நிலத்தில் எழுந்த கட்டடங்களை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பாஸ்டனின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தூர்த்த மண் பெரிய கட்டடத்தின் பாரத்தைத் தாங்காது. ஆகவே மண்ணையும் அதன் கீழுள்ள சேற்றையும் துளைத்துக்கொண்டு, உறுதியான அடுக்கை எட்டும் வரை மரக்கழிகளை அடித்து இறக்கி, அவற்றின் தலைகளை ஒரே மட்டத்தில் அறுத்து, அதன் மேல் கருங்கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்து 1877-இல் நிறைவடைந்த டிரினிட்டி தேவாலயம் இப்படிப்பட்ட சுமார் 4,500 கழிகளின் மேல் நிற்கிறது. கழிகளின் தலைகள் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி அறுக்கப்பட்டன என்பதுதான் இதில் உயிர்நிலையான செய்தி. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். நீரில் முழுவதும் மூழ்கிய மரத்துக்குள் காற்று புகாது. பாய்ல்ஸ்டன் தெருவின் அடியில் 1913-இல் சுரங்க ரயில்பாதை தோண்டியபோது, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த மக்கள் மீன் பிடிப்பதற்காக ஊன்றிய மரக்குச்சிகள் ஈரச் சேற்றுக்குள் அழியாமல் கிடைத்தன. நீர் இருக்கும் வரை மரம் இருக்கும்.

நீர்மட்டம் இறங்கினால் கழியின் தலைப்பகுதி காற்றுக்கு வெளிப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே உளுக்கத் தொடங்கிவிடும். மட்டம் இறங்கக் காரணங்கள் பல: பழைய கழிவுநீர்க் குழாய்களின் இணைப்புகள் விட்டுப்போய் நிலத்தடி நீர் அவற்றுக்குள் வடிந்து ஓடுகிறது, சுரங்க ரயில்பாதைகளுக்குள் கசிகிறது, ஆழமான அடித்தளங்களை உலர வைக்க இயந்திரங்கள் நீரை இறைக்கின்றன, மேலே தார்ச்சாலையும் சிமென்ட் தளமும் மூடியிருப்பதால் மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதில்லை. காப்லி சதுக்கத்தில் 1895-இல் திறக்கப்பட்ட பொது நூலகத்தின் முகப்பில் 1929-இல் விரிசல்கள் கண்டபோது, அடியில் கழிகள் அழுகியிருந்தது தெரியவந்தது. 1980-களில் பீக்கன் குன்றின் தாழ்வான பகுதியிலுள்ள வீடுகளும் இதே நோய்க்கு ஆளாயின. அழுகிய கழியைச் சரிசெய்வதென்றால், வீட்டின் அடியில் குழி தோண்டி, ஒவ்வொரு கழியின் கெட்ட தலையையும் அறுத்தெறிந்து, அந்த இடைவெளியில் எஃகுத் தூணை நிறுத்திக் கான்கிரீட்டால் மூட வேண்டும். முழு வரிசை வீடுகளும் பொதுச்சுவரால் ஒட்டியிருப்பதால் ஒருவர் மட்டும் செய்துகொள்வதும் எளிதல்ல. செலவு ஒரு சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியது அன்று.

1986-இல் இதற்கென்றே பாஸ்டன் நிலத்தடி நீர் அறக்கட்டளை ஏற்படுத்தப்பட்டது. நடைபாதைகளில் பதித்த நூற்றுக்கணக்கான சிறிய கண்காணிப்புக் குழாய்கள் வழியே அது நீர்மட்டத்தை அளந்து வெளியிடுகிறது. பின்னர் 2006-இல் நகரின் கட்டட விதிகளில் சேர்ந்த பிரிவின்படி, தூர்த்த நிலப்பகுதிகளில் புதிதாகவோ பெரிய அளவிலோ கட்டுபவர்கள் தங்கள் மனையில் விழும் மழைநீரை மண்ணுக்குள் இறக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நீர்மட்டத்தைக் குறைக்கவும் கூடாது. பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு என்றதும் நாம் முகப்பையும் சன்னலையும் கூரை ஓட்டையுமே நினைக்கிறோம். பாஸ்டனில் பலநூறு செங்கல் வீடுகளை உண்மையில் காப்பாற்றிக் கொண்டிருப்பது இந்த மழைநீர் விதிதான் என்பது என் உறுதியான கருத்து.

மண்ணைக் கவனியாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டிரினிட்டி தேவாலயமே சாட்சி. அதன் பக்கத்திலேயே ஐ. எம். பெய் நிறுவனத்தின் ஹென்றி காப் வடிவமைத்த 60 மாடி ஜான் ஹான்காக் கோபுரத்துக்கு 1968-இல் குழி தோண்டத் தொடங்கியபோது, குழியின் பக்கங்களைத் தாங்கிய எஃகுச் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்தன. சுற்றியிருந்த மண் அசைந்தது. தேவாலயத்தின் சுவர்களில் விரிசல் விழுந்தது. வழக்கு நீண்டு, 1987-இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று தேவாலயத்துக்குச் சாதகமாக முடிந்தது. கோபுரத்தின் கண்ணாடிப் பலகைகள் காற்றில் பெயர்ந்து விழுந்ததும், 10,344 பலகைகளும் மாற்றப்பட்டதும் பரவலாக அறியப்பட்ட செய்தி. அந்தக் கோபுரத்தின் கண்ணாடியில் தேவாலயம் பிரதிபலிக்கும் காட்சியைத்தான் பயணிகள் படமெடுக்கிறார்கள். அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு கட்டடங்களுக்கும் இடையே நடந்தது தரைக்கு அடியில் நடந்தது.

இனி, நகரின் பழைய பகுதியில் எஞ்சியிருப்பவற்றைப் பார்க்கலாம். அவை தாமாக எஞ்சவில்லை. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் முதலில் கையெழுத்திட்ட ஜான் ஹான்காக்கின் கல்மாளிகை பீக்கன் குன்றில் இருந்தது. அதைக் காக்க எழுந்த முயற்சிகள் பலிக்காமல் 1863-இல் இடித்துவிட்டார்கள். அந்த இழப்பு நகரத்தின் மனத்தில் தங்கியது. 1773 டிசம்பர் 16 அன்று தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டுவதற்கு முன் மக்கள் திரண்ட ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ் என்னும் தேவாலயம், 1729-இல் கட்டப்பட்டது. நகரின் வணிகப் பகுதியில் 776 கட்டடங்களை எரித்த 1872 பெருந்தீயிலும் தப்பியது. ஆனால் சபையார் பேக் பேயில் புதிய தேவாலயம் கட்டிக்கொண்டு போனதும், 1876-இல் பழைய கட்டடம் இடித்துப் பொருளை எடுத்துக்கொள்ளும் ஏலத்தில் 1,350 டாலருக்கு விலைபோயிற்று. இடிக்கும் வேலை தொடங்கிய பிறகு, மேரி ஹெமன்வே உள்ளிட்ட நகரத்துப் பெண்கள் முன்னின்று நிதி திரட்டி அதை மீட்டார்கள். கடலைத் தூர்த்துக் கிடைத்த புதிய நிலமே பழைய கட்டடத்துக்கு எமனாக வந்ததை இங்கே கவனிக்க வேண்டும். பேக் பே இல்லையென்றால் சபையார் இடம் பெயர்ந்திருக்க மாட்டார்கள்.

1713-இல் கட்டப்பட்ட ஓல்டு ஸ்டேட் ஹவுஸ் என்னும் பழைய அரசு மாளிகை கடைகளும் விளம்பரப் பலகைகளுமாகச் சீரழிந்து கிடந்தபோது, சிகாகோ நகரம் அதைப் பெயர்த்துக்கொண்டு போக முன்வந்ததாம். அந்த மானக்கேடு பொறுக்காமல் 1881-இல் பாஸ்டோனியன் சொசைட்டி தோன்றி அதைக் காத்தது. 1776 ஜூலை 18 அன்று விடுதலைப் பிரகடனம் எந்த உப்பரிகையிலிருந்து வாசிக்கப்பட்டதோ, அதன் அடித்தளத்தில் 1904 முதல் சுரங்க ரயில் நிலையம் இயங்குகிறது. அங்கிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஸ்டேட் தெருவில் நடப்பதை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். வழியில் 1847-இல் கட்டி முடித்த சுங்க மாளிகை வரும். கட்டியபோது அது துறைமுகத்தின் நீரோரத்தில், கப்பல்களுக்குப் பக்கத்தில் நின்றது. இன்று அதன் வாசலிலிருந்து கடலுக்கு நடந்துதான் போக வேண்டும். மைலில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குக் கடலுக்குள் நீண்டிருந்த லாங் வார்ஃப் என்னும் 18-ஆம் நூற்றாண்டுத் துறைமேடையின் பெரும்பகுதி இந்தத் தெருவாகவே மாறி, நிலத்துக்குள் மறைந்துவிட்டது. அருகிலுள்ள 1826-ஆம் ஆண்டுக் குவின்சி சந்தையும் தூர்த்த நிலத்தில் எழுந்ததே.

நகரின் வடக்குப் பகுதியான நார்த் எண்டில் உள்ள, அமெரிக்க விடுதலைப் போராட்ட வீரர் பால் ரிவியரின் வீட்டைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சுமார் 1680-இல் கட்டிய அந்த மரவீடு 1902-இல் அவருடைய கொள்ளுப்பேரன் ஒருவரால் வாங்கப்பட்டு, சீரமைத்து 1908-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மீட்டதில் ஐயமில்லாத நன்மை. ஆனால் 17-ஆம் நூற்றாண்டுத் தோற்றத்தைக் கொண்டுவருவதற்காக, பின்னாளில் சேர்ந்த மூன்றாம் மாடியை அகற்றினார்கள். வாடகைக் குடியிருப்பாகவும் மிட்டாய்க் கடையாகவும் சுருட்டுப் பட்டறையாகவும் அந்த வீடு இருந்த காலத்தின் தடயங்களும் அதோடு போயின. அந்தத் தெருக்களில் வந்து குடியேறிய ஐரிஷ், யூத, இத்தாலிய மக்களின் வரலாறும் அந்த வீட்டின் வரலாறுதானே.

ஏழைக் குடியேறிகளின் வீடுகளை வரலாறாகக் கருதாத அந்தப் பார்வைதான் அரை நூற்றாண்டு கழித்து வெஸ்ட் எண்டில் பெருங்கேடாக முடிந்தது. நெருக்கமான செங்கல் குடியிருப்புகளில் இத்தாலியரும் யூதரும் போலிஷ் மக்களும் கலந்து வாழ்ந்த அந்தப் பகுதி சேரி என்று முத்திரை குத்தப்பட்டது. 1958 முதல் 1960 வரை, நகர்ப் புதுப்பிப்பு என்ற பெயரில், ஏறக்குறைய 48 ஏக்கர் அடியோடு துடைக்கப்பட்டது. சுமார் 2,700 குடும்பங்கள் சிதறின. அங்கே எழுந்தவை வசதியானவர்களுக்கான உயரமான அடுக்குமாடிக் குடியிருப்புகள். 1796-இல் புல்ஃபிஞ்ச் கட்டிய ஹாரிசன் கிரே ஓட்டிஸ் மாளிகையும், 1806-ஆம் ஆண்டின் ஓல்டு வெஸ்ட் தேவாலயமும் விட்டுவைக்கப்பட்டன. இரண்டும் போற்றத்தக்க கட்டடங்கள். இருந்தாலும், சுற்றியிருந்த தெருக்களும் மனிதர்களும் இல்லாமல் அவை நிற்பதைக் காப்பாற்றியதாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. அங்கு வாழ்ந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பல பத்தாண்டுகள் கூடிப் பேசி, நினைவுகளைத் திரட்டி, அந்தப் பகுதிக்கென ஓர் அருங்காட்சியகத்தையே நடத்துகிறார்கள்.

பக்கத்திலிருந்த ஸ்காலி சதுக்கமும் 1960-களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு, அங்கே அரசு அலுவலக வளாகம் வந்தது. 1968-இல் முடிந்த கான்கிரீட் நகர மன்றக் கட்டடத்தைப் பல ஆண்டுகளாக மக்கள் வெறுத்தார்கள். இடித்துவிடலாம் என்று நகரத் தலைவர்களே பேசியதுண்டு. 2025-இல் அதுவே பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இதை நான் வரவேற்கிறேன். பிடிக்காததை இடித்துவிட்டுப் பிறகு வருந்துவது அந்த நகரத்துக்குப் பழகிப்போன ஒன்று. இந்த முறையாவது பொறுத்தார்கள்.

1950-களில் நகரின் நடுவே தூண்களின் மேல் கட்டிய நெடுஞ்சாலையும் இதே காலத்தின் விளைவு. அது நார்த் எண்டையும் துறைமுகத்தையும் நகரிலிருந்து வெட்டிப் பிரித்தது. 1991 முதல் 2007 வரை நடந்த பிக் டிக் என்ற பெருந்திட்டம் அதை நிலத்தடிக்குக் கொண்டுபோய், மேலே பூங்காக்களின் தொடராக மாற்றியது. செலவு மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டி 1,400 கோடி டாலருக்கும் மேல் சென்றது. செலவுக்கு ஒரு காரணம் அந்த மண். சவுத் ஸ்டேஷன் அருகே ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் சுரங்கம் அமைக்க, பழைய குப்பையும் மரங்களும் கலந்த தளர்ந்த தூர்மண்ணைக் குளிர்விப்புக் குழாய்களால் உறையவைத்து, பெட்டி வடிவச் சுரங்கப் பகுதிகளை அதற்குள் தள்ளினார்கள். தோண்டிய மண்ணில் ஒரு பகுதி, குப்பைமேடாகக் கிடந்த ஸ்பெக்டகிள் தீவை மூடி உயர்த்தப் பயன்பட்டது. 2006-இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது.

நகருக்கு வெளியே நிலம் மாறியதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும். பாஸ்டனுக்குச் சரளை கொடுத்த நீடம் தன் குன்றுகளை இழந்தது. கேம்பிரிட்ஜில் உள்ள ஃபிரெஷ் பாண்டு ஏரியின் கரையில் பனிக்கட்டிக் கிடங்குகள் வரிசையாக நின்றன. குளிர்காலத்தில் உறைந்த ஏரியிலிருந்து அறுத்த பாளங்களை மரத்தூளில் பொதிந்து பிரெடரிக் டியூடர் உலகெங்கும் அனுப்பினார். அந்த வணிகத்துக்காக 1842-இல் மதராஸ் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். கிழக்கே, லோகன் விமான நிலையம் சில தீவுகளையும், பூங்கா வடிவமைப்பாளர் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் உருவாக்கிய உட் ஐலண்டு பூங்காவையும் 20-ஆம் நூற்றாண்டில் விழுங்கிவிட்டது. அவரே பேக் பே ஃபென்ஸில் அமைத்த உவர்ச் சதுப்பு, 1910-இல் சார்லஸ் ஆற்றுக்கு அணை கட்டியதும் கடல்நீர் வராமல் நன்னீர்ப் பகுதியாகித் தன் இயல்பை இழந்தது.

2018 ஜனவரி 4 அன்று வீசிய புயலில், பாஸ்டன் துறைமுகத்தின் கடல்மட்டம் அதுவரை பதிவானவற்றில் மிக உயர்ந்த அளவை எட்டியது. லாங் வார்ஃப் பகுதியில் நீர் ஏறி, அங்குள்ள அக்வேரியம் சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கியது. வெள்ள அபாயம் கூடிய இடங்களைப் பழைய கடற்கரை வரைபடத்தோடு ஒப்பிட்டால், பெரும்பாலும் அவை தூர்த்த நிலங்களே. நகரம் கரையோரப் பூங்காக்களையும் சில சாலைகளையும் உயர்த்தி வருகிறது. ஆனால் பழைய கட்டடத்தின் வாசற்படியைச் சாலையோடு சேர்த்து உயர்த்த முடியாது. அடித்தளத்தில் புகுந்த கடல்நீரை இறைத்து வெளியேற்றாமல் அந்தக் கட்டடத்தில் குடியிருக்க முடியாது; இறைப்பதே வழக்கமானால் கழிகளை மூடியிருக்கும் நிலத்தடி நீரும் அதோடு இறங்கும். கடலைத் தடுக்கும் ஒவ்வொரு சுவரையும் அடியிலிருக்கும் நீரோட்டத்தைக் கணக்கிட்டே கட்ட வேண்டிய நிலையில் இன்று பாஸ்டனின் பொறியாளர்கள் இருக்கிறார்கள்.